எதிரே வந்தவள்

மலையாள ஊருக்கு நடுவே தமிழ்த் தெருவாக இருந்த எங்கள் வலியசாலையில் காலை ஆபீஸ் நேரத்துக்கு ஆண்பிள்ளைகள் தாங்களாகக் கிளம்பிவிட மாட்டார்கள். சாப்பாடு ஆகியிருக்கும், வெற்றிலை வாயில் இருக்கும், குடை கக்கத்தில் இருக்கும். ஆனாலும் வாசல் நிலைக்குள்ளேயே நிற்பார்கள். முதலில் வீட்டுப் பெண்பிள்ளை வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். எண்ணெய்க் குடம் வருகிறதா, விறகுக் கட்டு வருகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைப் புடவை ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டு, "வரலாம்" என்பாள். அதற்குப் பிறகுதான் வலது கால் வெளியே வரும். நேற்று எழுதிய காகிதத்தையே இன்றும் எழுதப் போகிறவர்களுக்கு, ஏதோ யுத்தத்துக்குப் போவதுபோல இத்தனை முஸ்தீபு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு வயதாகிவிட்டது. கோபத்துக்கு மட்டும் ஆகவில்லை.

சின்ன வயதில் அந்தத் தெருவுக்கே நான்தான் நல்ல சகுனம். பாவாடை கட்டின பெண்குழந்தை, இடுப்பில் நிறைகுடம். இதைவிட விசேஷமாக எதிரே வேறு என்ன வரமுடியும்? தானாக வராவிட்டால் வரவழைத்துக்கொள்வார்கள். பரீட்சைக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், கோர்ட்டில் கேஸ் உள்ளவன், எல்லோர் வீட்டிலிருந்தும் எனக்கு அழைப்பு வரும். அம்மா கிணற்றில் இறைத்து, சின்னப் பித்தளைக் குடத்தை நிரப்பி என் இடுப்பில் வைப்பாள். "தளும்பப்படாது. ஓடப்படாது. அவா மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சுண்டே வரணும்" என்று சொல்லி அனுப்புவாள். நான் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ஒன்றுமே தெரியாதவள்போல எதிரே வருவேன். அவர்களும் ஒன்றுமே தெரியாதவர்கள்போலக் கிளம்புவார்கள். பகவானையே ஏமாற்றிவிட்டதில் இரண்டு தரப்புக்கும் திருப்தி.

தெருவின் நடுவில் ஒரு வீட்டில் ஓர் இளைஞர் இருந்தார். பி.ஏ. தேறிவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அவர் இன்டர்வியூவுக்குப் போகும்போது நான் எதிரே போனேன். வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இவ எதிர்ல வந்தாளாக்கும். இல்லேன்னா கெடச்சிருக்குமோ?" அதற்குப் பிறகு அவர் எந்த நல்ல காரியத்துக்கும் நான் இல்லாமல் கிளம்பினதில்லை. பெண் பார்க்கப் போனபோதும் நான்தான் குடத்தோடு வந்தேன். அந்தக் கல்கண்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதனால்தான் கசக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு முடித்ததும் கல்யாணம். என் வீட்டுக்காரர் சர்வே ஆபீஸில் இருந்தார். அதே ஊரில் ஸ்ரீவராகத்தில் குடித்தனம். கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குள், பொன்முடி மலைப் பக்கம் அளவு வேலைக்கு முகாம் போனவரைக் காய்ச்சலோடு எஸ்டேட் லாரியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். குழந்தை இல்லை. என்னை வலியசாலைக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வருஷம் உள்ளே ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அப்பா ஒரு காரியம் நல்லதாகச் செய்தார். நாவிதனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தலைமயிர் தப்பியது. பொட்டும் பூவும் வர்ணமும் போயின.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "நாளைக்கு நான் கண்ணை மூடிட்டா இவளுக்கு யார்?" என்று அவர் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவரே கூட்டிக்கொண்டு போய் என்னை டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்தார். நான் பரீட்சை தேறினேன். கோட்டைக்கு அப்பால் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கே ஹெட் கிளார்க் யார் என்று பார்த்தால், கல்கண்டு கொடுத்த அதே அண்ணா. முதல் நாள் நான் போய் நின்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஓரத்து மெஷின்ல ஒக்காந்துக்கோ" என்றார். அன்றிலிருந்து நான் அவரை ஸார் என்றேன்.

எங்கள் வீடு கோவிலை ஒட்டின கோடி. ஆபீஸுக்குப் போகவேண்டுமானால் தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு வாசலையும் தாண்டி, மறுகோடியில் திரும்பவேண்டும். அதுவும் அத்தனை ஆண்பிள்ளைகளும் கிளம்புகிற அதே நேரத்தில். முன்னதாகப் போகலாமே என்றால், அப்பாவுக்குச் சாதம் போட்டு, அடுக்களை ஒழித்துவிட்டுத்தான் நான் கிளம்ப முடியும். முதல் நாள் நான் தெருவில் இறங்கினதும், வாசலில் நின்று எட்டிப் பார்த்த மாமிகள் ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. படார் என்று அல்ல; மரியாதையாக, மெதுவாக, நான் காயப்படக்கூடாது என்பதுபோல. அந்த மெதுவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படார் என்று சாத்தியிருந்தால் திரும்பி ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். நான் தெருமுனை திரும்பின பிறகு, முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள்கள் விலகுகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். கதவுக்கு அந்தப் பக்கம் வெற்றிலையை மென்றுகொண்டு, நான் எப்போது தொலைவேன் என்று இத்தனை பேர் காத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முனை திரும்பிப் பெரிய ரோட்டில் கால் வைத்தால் ஊரே வெள்ளை. மலையாளத்துப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளை முண்டும் வெள்ளை மேல்துணியுமாகப் போவார்கள், வருவார்கள். கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான். அங்கே என் புடவையை யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் சாவாக இருந்த நிறம், ரோட்டில் சலவையாகிவிடும். ஒரே நடையில் இந்த இரண்டு ஊரையும் தினமும் தாண்டிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் எனக்கு அடுத்த மெஷினில் ஒரு நாயர் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முதல் புருஷன் இறந்து, இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு, மூன்று குழந்தைகளோடு நன்றாக இருந்தாள். நான் கதவு சாத்துகிற கதையைச் சொன்னபோது அவளுக்கு அது புரியவே இல்லை. மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவரு எந்தினா ஒளிக்குந்நது? நீ வல்லதும் கட்டோ?" என்றாள். அவர்கள் ஏன் ஒளிகிறார்கள், நீ எதையாவது திருடினாயா என்று கேட்கிறாள்.

"திருடல்லே. ஆம்படையான் செத்துப்போயிட்டார்" என்றேன்.

"என்றேயும் மரிச்சல்லோ" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். எனக்கும்தானே செத்தான் என்கிறாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அரைப் பர்லாங் தள்ளிப் பிறந்திருந்தால் நானும் இப்படிச் சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆபீஸுக்குப் புதிய மேலதிகாரி வந்தார். மதராஸ்காரர், கறாரான மனுஷர். அதுவரை எங்கள் ஆபீஸில் பத்து மணி என்றால் பத்தரை, பத்தரை என்றால் பதினொன்று. அவர் வந்த வாரத்திலிருந்து, மணி பத்து அடித்தால் ஹாஜர் புத்தகம் அவர் அறைக்குள் போய்விடும். பிறகு வருகிறவர்கள் அவர் முன்னால் போய் நின்று, காரணம் சொல்லி, சிவப்பு மையில் கையெழுத்துப் போடவேண்டும். ஹெட் கிளார்க் எங்களையெல்லாம் கூப்பிட்டு உபதேசம் செய்தார். "காலம் மாறிண்டு வரது, கேட்டேளா. நாமளும் மாறணும். பழைய பழக்கத்தை எல்லாம் பிடிச்சுண்டு தொங்கிண்டிருந்தா இனிமே நடக்காது." நானும் தலையாட்டினேன். அப்போது அது எனக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

முதல் சிவப்புக் கையெழுத்தே அவருடையதுதான். நான் தெருமுனை திரும்புகிறவரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அப்புறம் கிளம்பி, என்னையும் தாண்டிப் போகமுடியாமல் பின்னாலேயே வந்தால் வேறென்ன ஆகும்? தாண்டிப் போனால் என் முகத்தில் முழிக்கவேண்டுமே. நான் பத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து அதிகாரி அறைக்குள் போவார். ஒரே வாரத்தில் இது பலமுறை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஊஞ்சலில் இருந்தார். நான் உள்ளே இருந்தேன். நான் கேட்கவேண்டும் என்றுதான் அவர் குரலை உயர்த்திப் பேசினார்.

"மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. கொழந்தே ஆபீசுக்கு வரதுல நேக்கு ஒரு விரோதமும் இல்லை. நன்னாத்தான் வேலை பண்றா. அந்த நேரத்துல மாத்திரம் செத்தே கொல்லை வழியாப் போனா எல்லாருக்கும் சௌகர்யமாக்கும். காலம் மாறிண்டு வரது. அவளும் செத்தே அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், இல்லையா?"

கொல்லை வழி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கக்கூஸ் எடுக்கிறவன் வாளியோடு வருவதற்காக விட்ட சந்து. இரண்டு பக்கமும் சாக்கடை. நல்ல நாளிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்க்காமல், "தெருவோட விரோதம் பாராட்ட நம்மால ஆகாதும்மா. ஒரு நாலு நாள் போய்த்தான் பாரேன்" என்றார். நாவிதனை வாசலில் நிறுத்தின மனுஷர் இப்படிச் சொன்னார். எனக்கு ஹெட் கிளார்க்மேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல் அதிகமாக வந்தது. என் தலைமயிருக்காகச் சண்டை போட்டவருக்கு என் காலுக்காகச் சண்டை போட மனசில்லை. ஆபீஸ் மாறுகிறது, அதிகாரி மாறுகிறார், மணி மாறுகிறது. எல்லாம் மாறும்போது ஹெட் கிளார்க்கின் பழக்கம் மட்டும் மாறவேண்டாம். அதற்குப் பதிலாக நான் நடக்கிற வழி மாறவேண்டும். இதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட்.

போனேன். அப்பா சொன்னதற்காக ஒரு தரம் போனேன். வைகாசிக் கடைசியில் பிடிக்கிற இடவப்பாதி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பாதிச் சந்தில் கால் வழுக்கி, முழங்கால் வரைக்கும் சாக்கடைக்குள் போய்விட்டேன். வீட்டுக்குத் திரும்பி அம்மா எதிரில் அப்படியே நின்றேன். அவள் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், என் தலையில் தண்ணீரை ஊற்றினாள், புடவையை வாங்கித் துவைத்தாள். துவைக்கிற கல்லில் அன்று விழுந்த அடி, புடவைக்கு மட்டும் விழுந்த அடி அல்ல. ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அப்போது அவள்மேலும் எரிச்சல் வந்தது.

மறுநாளிலிருந்து பழையபடி முன்வாசல் வழியாகவே போனேன். கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன. சிவப்புக் கையெழுத்து பழையபடி விழுந்தது. அப்போதுதான் ஹெட் கிளார்க் என்னை மேஜைக்கு அழைத்தார். பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செங்கோட்டைத் தாலுகா ஆபீஸ்ல ஒரு டைப்பிஸ்ட் வேணுமாம். அங்கே தமிழ்தான். நோக்கு நல்லதாக்கும். நாளைக்கு ஸாயிப்புக்கு எழுதி வெச்சுடறேன்." மேலதிகாரி நம்மவராக இருந்தாலும் எங்கள் ஆபீஸில் ஸாயிப்பு என்றுதான் சொல்வார்கள்.

செங்கோட்டையில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. மூலையில் உட்கார வேண்டியவளைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா சம்மதிக்கவே மாட்டார். இந்த மாற்றல் வந்தால் வேலை போச்சு. வேலை போனால் மறுபடி அந்த மூலைதான், அதுவும் இந்தத் தடவை ஆயுசு பரியந்தம். இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லது என்றார். அன்று நான் டைப் அடித்ததில் மூன்று காகிதங்கள் வீணாயின.

மறுநாள் காலை நான் கிளம்பினேன். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நடுத்தெருவில், ஹெட் கிளார்க் வீட்டு வாசலுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கால் நின்றுவிட்டது. குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவர் மனைவியின் ஒரு கண் தெரிந்தது. "ஏன்டீ நிக்கறே?" என்றாள், பயந்துபோய். கதவு மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. மற்ற வீடுகளிலும் அப்படியே. தெரு பூராவும் குடையும் கையுமாகக் கதவுக்குப் பின்னால் அடைபட்டு நின்றது.

பல வருஷத்துக்குப் பிறகு அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படியாக.

"அண்ணா, மணியாறது. வாங்கோ."

உள்ளே தாழ்ப்பாளை இன்னும் இறுக்குகிற சத்தம் கேட்டது.

"முன்வாசல் முடியலேன்னா கொல்லை வழி இருக்கே, அண்ணா. செத்தே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே. சௌகர்யமாக்கும்."

எங்கேயோ ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. அதில் எனக்குத் தைரியம் வந்ததா, கோபம் முற்றியதா, தெரியாது. அதுவரை நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, என் ஆத்துக்காரர் பொன்முடிக்குக் கிளம்பின அன்னிக்கு எதிர்ல யார் வந்தா தெரியுமோ? நான்தான் வந்தேன். நெத்தி நெறையக் குங்குமம், தலை நெறையப் பூ, இடுப்புல நெறைகொடம். நீங்கல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கின அதே நடை. ஒரு சொட்டுத் தளும்பல்லே. அவரும் சிரிச்சுண்டே தான் போனார். அந்தச் சகுனம் என்ன ஆச்சு? சொல்லுங்கோ, கேட்டுட்டுப் போயிடறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அவர் பார்க்கும்படியாக வந்துவிடுமோ என்று இன்னும் கோபம் வந்தது. கோவிலில் மணி அடித்தது. எனக்கும் நேரம் ஆகிவிட்டது, அவருக்கும் ஆகிவிட்டது. கடைசியில் கதவு திறந்தது. அவர் குடையை விரித்து, அதை மழைக்கு அல்லாமல் எனக்கு நேராகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் முன்னால் நடந்தேன். அவர் நிறையத் தள்ளிப் பின்னால் வந்தார். வலியசாலையிலிருந்து ஆபீஸ் வரை அப்படியே போனோம்.

இருவரும் மேலதிகாரி முன்னால் நின்றோம். அவர் இங்கிலீஷில் காரணம் கேட்டார். ஹெட் கிளார்க் தரையைப் பார்த்தார். என்னைக் கேட்டபோது, "நான் போகட்டும் என்று அவர் காத்திருந்தார், அவர் வரட்டும் என்று நான் காத்திருந்தேன்" என்றேன். அதிகாரிக்கு விளங்கவில்லை. மேற்கொண்டு கேட்டார், சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து, விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பக்கத்து மெஷின்காரிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. செங்கோட்டைக் காகிதம் அதிகாரி அறைக்குப் போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பாரே, அதற்கு என்ன எழுதுவது?

வேலை தப்பியது. ஆனால் நான் சந்தோஷப்பட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். என் புருஷன் செத்த கதையைச் சொல்லி நான் நடுத்தெருவில் நின்றேன். அதற்கு எந்தக் கதவும் திறக்கவில்லை; மணி ஆகிவிட்டதென்றுதான் ஒன்று திறந்தது. படித்த மனுஷர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். தெரு பயந்தது அவர் சிரிப்புக்குத்தான். அதன் பிறகு ஹெட் கிளார்க் மற்றவர்களுக்கு முன்னதாகவே கிளம்பிப் போய்விடுவார். மற்றவர்கள் பாதிக் கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள். அதுதான் நான் கண்ட முன்னேற்றம்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "தெருவுல நின்னு கத்தினாளாமே" என்று அம்மாவிடம்தான் சொன்னார். நான் சாதம் போட்டால் சாப்பிடுவார். மோர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். சம்பளம் வந்தால் வாங்கிக்கொள்வார். அம்மா நடுவில் நின்று அவர் சொன்னதை எனக்கும், நான் சொன்னதை அவருக்கும் சொல்வாள். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு மார்கழிக் காலையில் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய் வந்தவர், ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடைசிவரை நேராக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பத்தாம் நாள் அம்மாவுக்குச் செய்ததை நான் எழுதப் போவதில்லை. எனக்குச் செய்தபோது அம்மா பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் செய்தபோது நான் நின்றேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, லீவு தீர்ந்து, நான் மறுபடி ஆபீஸுக்குக் கிளம்பின நாள் வந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா எனக்குச் சாதம் போட்டாள். நான் கையலம்பிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றேன். பதில் இல்லை. அடுக்களையில் பார்த்தேன், இல்லை. கிணற்றடியில் இல்லை. எங்கேயாவது மயக்கம் போட்டு விழுந்துவிட்டாளோ என்று எனக்குப் பதறிற்று. கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன்.

உக்கிராண அறையின் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒடுங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே இங்கே?"

"நீ போ. திரும்பிப் பாக்காமப் போ." சுவரைப் பார்த்தே சொன்னாள். "வேலைக்குக் கிளம்பற நேரத்துல என் மூஞ்சில முழிக்கப்படாது."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கதவைத் தள்ளிவிட்டுக் கிட்டே போனேன். "நானும் அதுதானேம்மா? நீ யார்கிட்டேருந்து ஒளியறே?"

"நீ கொழந்தேடீ. நோக்கு இருக்கறது அந்த ஒரு வேலைதான். அதுக்கு ஒண்ணும் வந்துடப்படாது."

தெருவில் எத்தனை கதவுகள் சாத்தின! ஒன்றும் என்னை இப்படி அடிக்கவில்லை. நான் நடுத்தெருவில் நின்று கத்தினதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? சாக்கடைப் புடவையை அத்தனை ஆத்திரத்தோடு துவைத்தவள் அவள்தானே? அவளே தன்னைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் சாத்திக்கொண்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மாமேல், அப்பாமேல், தெருமேல், எனக்கு அந்த நடையைச் சொல்லிக்கொடுத்த அத்தனை பேர்மேலும் வந்தது. குடையை வீசி எறிந்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். வலித்திருக்கும். விடவில்லை.

கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயதில் என் இடுப்பில் வைத்த அந்தப் பித்தளைக் குடம் இன்னும் அங்கேதான் இருந்தது. நானே இறைத்தேன். விளிம்புவரை நிரப்பி அம்மாவின் இடுப்பில் வைத்தேன். முன்வாசலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டு மனுஷர் குடையோடு நிலைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாண்டீ. எல்லாரும் பாத்துண்டிருக்கா."

"பாக்கட்டும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி எதிர்ல வா."

"நான் எப்படிடீ..."

"தளும்பப்படாது. ஓடப்படாது" என்றேன். அதற்கு மேல் ஒன்று உண்டு. சிரித்துக்கொண்டே வரவேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா தெருவில் இறங்கினாள். அடுத்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். பொட்டில்லாத நெற்றியும் புது வெள்ளைப் புடவையுமாக எதிரே வந்தாள். தண்ணீர் தளும்பித் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது. கிட்டே வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லாமலே, அவளாகவே, சிரிக்கப் பார்த்தாள்.

நான் வலது காலை எடுத்து வைத்துப் படியிறங்கினேன். அம்மாவைத் தாண்டி நடந்தேன். பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஆபீஸில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினபோது, அம்மா முன்வாசல் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தாள்.